நீ தூங்கும்போது யார் விழித்திருப்பார்?



பாரீசில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அடுத்த கோடை விடுமுறையில் கிரேக்கத் தீவுகளுக்கு இடையே ஒரு வாரம், பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போகிறார்களாம். படகில் நான்கு அறை, அறைக்கு இரண்டு பேர். மூன்று தம்பதிகள் முடிவாகிவிட்டது. நான்காவது அறைக்கு யார் என்பதில்தான் சிக்கல். சித்தப்பா மகனை விட்டால் நெடுங்காடு வரை பேச்சு வரும். சேர்த்தால் மற்ற நண்பர்களுக்கும் அவருக்கும் ஒத்துவராது. "நீங்கதான் சார் ஒரு வழி சொல்லணும்" என்று முடித்திருந்தார்.

வயலுக்கு நடுவே வாழ்க்கையை ஓட்டிய என்னிடம் படகைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன். சரித்திரத்தில் இந்தக் கேள்விக்குப் பலர் பதில் தேடியிருக்கிறார்கள். அவருக்கு மட்டும் எழுதுவதற்குப் பதில் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கோன்-டிக்கி. 1947இல் நார்வே நாட்டு தோர் ஹெயர்டால், பால்சா மரத்தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலைக் கடந்தார். ஆறு பேர், 101 நாள். அந்த ஆறு பேரில் பலர் புறப்படும்வரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஹெயர்டால் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டார். பழகாதவர்கள் என்றால் ஒருவர் கதை இன்னொருவருக்குச் சலிக்கச் சில வாரமாவது ஆகும் என்பது அவர் கணக்கு. ஒரே நகைச்சுவையை ஆண்டுதோறும் வகுப்பில் சொன்ன ஆசிரியர்களுக்கு இதில் உள்ள உண்மை தெரியும்! ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. திசை பார்க்க ஒருவர், வானொலிக்கு இருவர் என்று பொறுப்பு பார்த்துத்தான் ஆள் சேர்த்தார்.

அதே ஹெயர்டால் 1969லும் 1970லும் நாணல் படகில் அட்லாண்டிக் கடலைக் கடக்க முயன்றபோது கூடப் போனவர் சான்டியாகோ ஹெனோவெஸ் என்ற மெக்சிகோ மானுடவியல் அறிஞர். அவருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. மனிதர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதைக் கடலில் வைத்துப் பார்க்கவேண்டும். 1973இல் 'அகாலி' என்ற சிறிய தெப்பத்தில் கானரித் தீவுகளிலிருந்து மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். ஆண்களும் பெண்களுமாகப் பதினோரு பேர். நாடு, மதம், நிறம் எல்லாம் வேறு வேறு. உரசல் வரட்டும் என்றே பொறுக்கி எடுத்தார். நாமெல்லாம் ஒத்துப்போகிறவர்களைத் தேடுவோம், அவர் ஒத்துப்போகாதவர்களைத் தேடினார்.

சண்டை வரவில்லை. அவர் கிளறிவிட்டும் வரவில்லை. கடைசியில் அந்தப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது ஹெனோவெஸ் மேல்தான்! தெப்பத்தின் தலைவி மரியா பியோர்ன்ஸ்டாம் என்ற சுவீடன் நாட்டுப் பெண். நடுவில் அவரிடமிருந்து தலைமையைத் தான் பிடுங்கிக்கொண்டார் ஹெனோவெஸ். ஒரு பெரிய கப்பல் மோதுவதுபோல் நெருங்கியபோது அவர் தடுமாற, மரியாதான் நிலைமையைச் சமாளித்தார். அந்தப் பயணமும் 101 நாள்தான், என்ன பொருத்தமோ! பிறநாட்டார், பிறமதத்தார் என்பது அங்கே பிரச்சினையாகவே இல்லை. மற்றவர்களை ஆட்டிவைக்கப் பார்த்த ஒருவர்தான் பிரச்சினை. அந்த ஆள் நீயாக இருக்கிறாயா என்று முதலில் பார்த்துக்கொள், தம்பி. ஏற்பாடு செய்கிறவருக்குத்தான் அந்த ஆபத்து அதிகம்.

இனி சொந்தக்காரர் விஷயம். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் நம் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றிய அந்தக் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஓட்டிச் சென்றதில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் இருந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள். அந்த ஊர்க் கப்பல்களில் தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். கரையில் மாமனோ மச்சானோ, கப்பலில் தண்டையல் சொல்தான் சொல். சொந்தம் கடலுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் வல்வெட்டித்துறையைக் காட்டலாம். நம் குடும்பங்களில் குறைவது அந்தத் தண்டையல்தான். கல்யாண வீட்டில் ஆளுக்கு ஒரு உத்தரவு போட்டுச் சாம்பார் தீர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறோமே!

நான் அதிகம் சொல்ல நினைத்தது நம் புதுச்சேரிப் பெண்ணைப் பற்றி. கடற்படை அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. அவருடன் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இருவரும் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 55 அடிப் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். 25,000 கடல்மைலுக்கு மேல். வழியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவு, தென்னாப்பிரிக்கா என்று நான்கே நிறுத்தம். நியூசிலாந்திலிருந்து பாக்லாந்து வரையிலான பயணம் புயல்களுக்கு நடுவே. எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான 'நீமோ முனை'யையும் அப்போதுதான் கடந்தார்கள்.

இருவர் பெயரையும் சேர்த்து 'தில்ரூ' என்றே எல்லோரும் அழைத்தார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் மலையாளம். ரூபாவின் தந்தை விமானப்படையில் இருந்தவர், தில்னாவின் தந்தை தரைப்படையில் இருந்தவர். தில்னா 2014இல் பணியில் சேர்ந்தார், ரூபா 2017இல். ஆனால் ஜாதகம் பார்த்ததுபோல் பொருத்தம் பார்த்து இவர்களை ஒரே நாளில் அனுப்பிவிடவில்லை. மூன்று ஆண்டு பயிற்சி, அதில் ஒரு பகுதி தனியாக உலகைச் சுற்றிய கமாண்டர் அபிலாஷ் டோமியிடம். முதலில் ஆறு பேர் குழுவில் கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனீரோ போய்த் திரும்பினார்கள். பிறகு இருவரும் கோவாவிலிருந்து போர்ட் பிளேர் போய் வந்தார்கள். அதன்பின் இருவராகவே மொரீஷியஸ். அதற்கெல்லாம் பிறகுதான் உலகம்.

இருவர் மட்டும் படகு ஓட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்கவேண்டும். எட்டு மாதம் ஒரே படகில் இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே பேச்சு சுவையாக இருக்கிறதா, சினிமா ரசனை ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அவர் விழித்திருக்கும்போது என்னால் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

தம்பி, உன் படகுக்கும் அதையே கேட்டுப் பார். வாடகைப் படகில் நன்னீர் அளவுதான். ஒருவர் பத்து நிமிஷம் குளித்தால் இன்னொருவருக்குப் பாத்திரம் கழுவத் தண்ணீர் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஈஜியன் கடலில் 'மெல்டெமி' என்று வடகாற்று பலமாக அடிக்கும். நினைத்த தீவுக்குப் போகமுடியாமல் ஒரு துறையில் இரண்டு நாள் கிடக்க நேரலாம். காசு கொடுத்தோமே என்று புறப்படச் சொல்லி அடம்பிடிப்பவர் யார், சரி இங்கேயே சமைப்போம் என்று வெங்காயம் உரிக்க உட்காருபவர் யார் என்று உனக்கு இப்போதே தெரியுமா? பொதுச்செலவுக்கு ஒரே பை வைத்து, கணக்கை ஒருவர் எழுதட்டும். படகு ஓட்டத் தெரிந்தவர் உங்களில் இல்லையென்றால் சம்பளத்துக்கு ஒரு மாலுமியை வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் உங்கள் தண்டையல். அவர் சொல்வதை மறுத்துப் பேசாதவர் மட்டும் ஏறட்டும்.

சித்தப்பா மகனைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லவில்லை. அவனும் என் மாணவன். மொரீஷியஸ் போய்ப் பார்த்துவிட்டு உலகம் சுற்றியதுபோல, முதலில் நாலு குடும்பமும் இரண்டு நாள் எங்கேயாவது சேர்ந்து போங்கள், ஒரே கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து, என்று பதில் போட்டேன்.

நேற்று இரவு எழுதியிருந்தார். மே மாதம் பிரிட்டனிக் கடற்கரையில் இரண்டு நாள் சின்னப் படகு எடுக்கப் போகிறார்களாம். சித்தப்பா மகன்தான் சமையல் பொறுப்பு. பொருள் பட்டியலை இப்போதே போட்டுவிட்டானாம், அதில் காரைக்கால் மிளகாய்த்தூளும் இருக்கிறதாம். யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு பொட்டலம் கொண்டுபோக முடியுமா என்று கேட்கச் சொன்னான்.