ஹவாய் எரிமலைத் தீவுகளுக்குச் சுற்றுலா: நாட்பட்ட நோயுள்ளோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்துள்ள ஹவாய், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகி உருவான தீவுக்கூட்டம். அமெரிக்க நாட்டின் ஒரு மாநிலமான இதில் எட்டுப் பெரிய தீவுகள் உள்ளன. ஓவாஹு, மாவி, கவாய், பெரிய தீவு எனப்படும் ஹவாய் ஆகிய நான்கிற்கே சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் செல்கின்றனர். அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், விடுமுறையில் இத்தீவுகளுக்கும் அழைத்துச் செல்லப்படுவது உண்டு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் இத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எரிமலை என்றதும் தீக்குழம்பே நினைவுக்கு வரும். நாட்பட்ட நோயுள்ளவருக்கோ காற்று, உயரம், கடல், நேர மாற்றம் ஆகிய நான்குமே கூடுதல் கவனத்திற்குரியவை. எந்த இடத்திற்குச் செல்லலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவருடன் பேசி முடிவு செய்வது முதன்மையான பாதுகாப்பாகும்.

பயணத்திற்கு முன் மருத்துவ ஆலோசனை

பயண நாளுக்கு 4 முதல் 6 வாரங்கள் முன்னதாக உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். செல்லவிருக்கும் இடங்களின் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். "வெளிநாடு செல்கிறேன்" என்று மட்டும் கூறினால், 4,000 மீட்டர் உயர மலையும் உங்கள் திட்டத்தில் உள்ளது என்பதை மருத்துவர் அறிய இயலாது.

கீழ்க்கண்டோர் மருத்துவரின் தெளிவான ஒப்புதலின்றிப் பயணச்சீட்டு வாங்க வேண்டாம்:

- அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை அல்லது ஸ்டென்ட் சிகிச்சைக்கு உள்ளானோர்
- கடந்த சில மாதங்களில் ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர்
- சமதரையில் 50 மீட்டர் நடந்தாலே மூச்சு வாங்குவோர்
- கால் நரம்புகளில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளோர்
- கருவுற்ற பெண்கள்

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அளவிற்குக் குறையக்கூடும். விமானத்திலேயே ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவர் அதைவிட உயரமான மலைகளுக்குச் செல்வது பாதுகாப்பானதன்று. நீண்ட நேரப் பயணத்தில் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். அமர்ந்த நிலையிலும் கணுக்கால்களை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்துகளும் நேர வேறுபாடும்

ஹவாய் நேரம் இந்திய நேரத்தைவிட 15 மணி 30 நிமிடம் பின்தங்கியது. சென்னையில் திங்கட்கிழமை காலை 6 மணி எனில், ஹோனலுலுவில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.30 மணி. இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கு இது முக்கியமானது. மேற்கு நோக்கி, ஐரோப்பா அல்லது வளைகுடா வழியாக அமெரிக்கா செல்லும்போது பயண நாள் நீள்கிறது. கூடுதல் அளவு தேவைப்படலாம். ஜப்பான் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் நாள் சுருங்குகிறது. வழக்கமான அளவைச் செலுத்தினால் சர்க்கரை தாழக்கூடும். எனவே செல்லும் வழியை மருத்துவரிடம் கூறி, எந்த நேரத்தில் எத்தனை யூனிட் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

- பயண நாட்களுக்கு வேண்டிய மருந்துடன் குறைந்தது ஒரு வாரத்திற்கான கூடுதல் மருந்தும் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மருந்து பெறுவோர் பயண நாட்களை முன்கூட்டியே தெரிவித்து ஆலோசனை பெறவும்.
- மருந்துகளை அவற்றின் உறையிலேயே, மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பகுதியில் செல்லும் பெட்டியில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம்.
- இந்திய மருத்துவர் சீட்டைக் கொண்டு அமெரிக்க மருந்தகத்தில் மருந்து வாங்க இயலும் என எண்ண வேண்டாம்.
- மருந்தின் வேதிப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் சால்பியூட்டமால் என்பதை அங்கு அல்பியூட்டரால் என்பர். பாராசிட்டமால் அங்கு அசிட்டமினோஃபென். கிளிபென்கிளமைடு அங்கு கிளைபியூரைடு. பெயர் வேறு என்பதால் ஒரே மருந்தை இருமுறை உட்கொண்டுவிடக் கூடாது.
- வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினையோ இன்ஹேலரையோ விட்டுச் செல்ல வேண்டாம்.

எரிமலைப் புகைமூட்டம்

பெரிய தீவில் உள்ள கிலாவெயா, உலகில் மிகுதியாகச் சீறும் எரிமலைகளுள் ஒன்று. 1983 முதல் 2018 வரை ஏறத்தாழ இடைவிடாது குழம்பை உமிழ்ந்தது. 2024 டிசம்பரில் தொடங்கிய சீற்றத்தில் குழம்பு விட்டுவிட்டுப் பீறிட்டது. இவ்வெரிமலை வெளியிடும் கந்தக டை ஆக்சைடு வாயு, காற்றிலுள்ள ஈரத்தோடும் சூரிய ஒளியோடும் வினைபுரிந்து நுண்துகள்களாக மாறி மூட்டமாகப் பரவுகிறது. ஹவாய் மக்கள் இதனை 'வாக்' என்பர்.

எரிமலை வாய்க்கு அருகில் வாயுவும், தொலைவில் நுண்துகள்களும் மிகுந்திருக்கும். ஆஸ்துமா உள்ளோரின் மூச்சுக்குழாய்கள் இவ்வாயுவின் சிறு அளவிற்கே சுருங்கக்கூடும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம், தலைவலி ஆகியவை பொதுவான அறிகுறிகள்.

வழக்கமாக வீசும் வடகிழக்குக் காற்று இம்மூட்டத்தைத் தென்மேற்கே தள்ளி, மேற்குக் கரையிலுள்ள கோனா பகுதிக்குக் கொண்டு செல்கிறது. கிழக்குக் கரையிலுள்ள ஹிலோ அந்நாட்களில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். காற்றின் திசை மாறினால் ஓவாஹு வரையிலும் மூட்டம் செல்வதுண்டு. சீற்றம் ஓயும்போது வாயுவின் அளவும் பெரிதும் குறைகிறது. ஆகவே பயணச்சீட்டு வாங்கிய நாளின் நிலையை நம்பாமல், செல்லும் நாளின் காலையில் ஹவாய் சுகாதாரத் துறையின் காற்றுத்தர அறிவிப்பையும் எரிமலைத் தேசியப் பூங்காவின் அறிவிப்பையும் பாருங்கள்.

- நோய் தடுப்பு இன்ஹேலரைப் பயணத்தின்போது ஒருநாளும் நிறுத்த வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலர் அறையில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.
- துணி முகக்கவசமும் என்95 முகக்கவசமும் இவ்வாயுவைத் தடுக்கா. அவற்றை நம்பி அருகில் செல்ல வேண்டாம்.
- மூட்டம் சூழ்ந்தால் காரின் கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்தை உட்காற்றுச் சுழற்சியில் வைத்து, அப்பகுதியை விட்டு வெளியேறுங்கள்.
- பூங்காவில் கந்தக வாயு வெளிப்படும் பாறைப் பகுதிகளை இதய நோய், சுவாச நோய் உள்ளோரும் கருவுற்றோரும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும்.
- தீக்குழம்பு கடலில் கலக்கும் இடத்தில் எழும் வெண்புகை வெறும் நீராவியன்று. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் உள்ளன.

உயரமான மலை முகடுகள்

பெரிய தீவின் மௌனா கெயா 4,207 மீட்டர் உயரமும், மாவி தீவின் ஹாலெயாகலா 3,055 மீட்டர் உயரமும் உடையவை. இவ்விரு முகடுகளுக்கும் கடற்கரையிலிருந்து சுமார் 2 மணி நேரத்தில் காரிலேயே சென்றுவிடலாம் என்பதே இடரின் வேர். மௌனா கெயாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. உடல் இம்மாற்றத்திற்குப் பழகப் போதிய நேரம் கிடைப்பதில்லை.

மௌனா கெயாவில் பார்வையாளர் நிலையம் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதய நோய், சுவாச நோய் உள்ளோரும், கருவுற்றோரும், 13 வயதிற்குட்பட்டோரும் அதற்கு மேல் செல்லக் கூடாது என அங்கு அறிவுறுத்தப்படுகிறது. மற்றவர்களும் அந்நிலையத்தில் குறைந்தது 30 நிமிடம் தங்கிய பின்னரே மேலே செல்ல வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே கீழே இறங்குவதே சிகிச்சை. சூரிய உதயத்திற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடலில் இறங்குதல்

ஹவாய்க்கு வரும் பயணிகளின் விபத்து மரணங்களுள் நீரில் மூழ்குதல் முன்னிலை வகிக்கிறது. குழாய் வழியே மூச்சிழுத்தபடி நீர்மட்டத்தில் மிதந்து பவளப்பாறைகளைக் காணும் ஸ்நார்க்கெல் எளியதாகத் தோன்றினும், குழாய் வழியே காற்றை இழுப்பது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கூடுதல் சுமையாகும். இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே இதில் ஈடுபட வேண்டும். கால் தரையில் ஊன்றும் ஆழத்தில், துணை ஒருவருடன், உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையில் மட்டும் இறங்குங்கள். மூச்சு வாங்கினால் முகக்கண்ணாடியையும் குழாயையும் கழற்றி, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

ஸ்கூபா எனும் ஆழ்கடல் மூழ்குதலில் ஈடுபடுவோர், ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானத்தில் ஏறக் கூடாது. இவ்விதி மலை முகட்டிற்கும் பொருந்தும். காலையில் கடலில் மூழ்கி, மாலையில் மௌனா கெயாவில் விண்மீன் காணச் செல்வோரின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நீரோடை, பச்சைக் கீரை, வெயில்

- அருவிகளிலும் நீரோடைகளிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். உடலில் காயம் உள்ளோர், குறிப்பாகக் காலில் புண் உள்ள நீரிழிவு நோயாளிகள், அந்நீரில் இறங்க வேண்டாம்.
- கறுத்து இறுகிய எரிமலைப் பாறை கண்ணாடிபோல் கூர்மையானது. பாதத்தில் உணர்வு குறைந்தோர் மூடிய காலணி அணிந்து, இரவில் பாதங்களைப் பார்வையிட வேண்டும்.
- நத்தை, ஓடில்லா நத்தை வழியாகப் பரவும் எலி நுரையீரல் புழு, மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். கீரைகளை இலை இலையாக ஓடும் நீரில் கழுவியோ சமைத்தோ உண்ணுங்கள்.
- டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதையசைடு, அமியோடரோன் ஆகியவற்றை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் கருகும். தொப்பியும் முழுக்கை ஆடையும் அணியுங்கள். பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் காப்புக் களிம்புகளின் விற்பனை 2021 ஜனவரி 1 முதல் அங்குத் தடை செய்யப்பட்டுள்ளது. துத்தநாக ஆக்சைடு கலந்தவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாட்களின் வரிசை: ஓர் எடுத்துக்காட்டு

ஆஸ்துமா உள்ள 62 வயதுத் தாய், ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 66 வயதுத் தந்தை, ஸ்கூபா செல்ல விரும்பும் மகன் ஆகியோர் பெரிய தீவில் ஆறு நாள் தங்குவதாகக் கொள்வோம்.

1. முதல் இரு நாட்கள்: மூட்டம் குறைந்த ஹிலோ பகுதியில் தங்கி ஓய்வு, இன்சுலின், மாத்திரை நேரங்களைச் சீர்செய்தல்.
2. மூன்றாம் நாள்: காலையில் காற்றுத்தரம் பார்த்து, தெளிவாக இருந்தால் மட்டும் எரிமலைப் பூங்கா. மாலையில் மகன் மட்டும் மௌனா கெயா செல்லலாம். பெற்றோர் விடுதியில் தங்குவர்.
3. நான்காம் நாள்: கோனாவில் மூட்டம் இல்லையெனில் கடற்கரை. மகனுக்கு ஸ்கூபா, பெற்றோருக்கு முழங்கால் அளவு நீர்.
4. ஐந்தாம் நாள்: மலையும் மூழ்குதலும் இல்லாத நாள்.
5. ஆறாம் நாள்: விமானம்.

இடங்களைக் குறைக்காமலே, வரிசையை மாற்றுவதன் மூலம் இடரைக் குறைக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

மருத்துவ உதவியும் காப்பீடும்

அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 911. உயர்சிகிச்சை வசதிகள் பெரும்பாலும் ஓவாஹு தீவின் ஹோனலுலுவிலேயே உள்ளன. பிற தீவுகளிலிருந்து கடுமையான நோயாளிகள் விமானத்தில் அங்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். அமெரிக்காவில் சிகிச்சைச் செலவு மிக அதிகம். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், விமானவழி நோயாளர் இடமாற்றத்திற்கும் அது பொருந்துமா என எழுத்து வடிவில் உறுதி செய்யுங்கள். நோயை மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் நேரத்தில் பயன்படாமற்போகலாம்.

குடும்பத்தினரின் கவனத்திற்கு

பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என எண்ணி, நெஞ்சு இறுக்கத்தையும் மூச்சுத்திணறலையும் வெளியே சொல்லாத பெற்றோர் பலர். "முடியுமா அம்மா?" என்று கேட்டால் "முடியும்" என்றே விடை வரும். ஆகவே அவர்களின் நடையையும் பேச்சையும் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடைநிறுத்தாமல் பேச இயலாதிருத்தல், படியேறும்போது அடிக்கடி நிற்றல், உதடு நீலம்பாரித்தல் ஆகியவை உடனடிக் கவனத்திற்குரியவை. எவற்றைத் தவிர்ப்பது என்பதை வீட்டிலேயே எல்லோரும் அமர்ந்து முடிவு செய்துவிட்டால், மலையடிவாரத்தில் எவரும் தயங்க வேண்டிய நிலை வராது.

திரும்பிய பின்

ஊர் திரும்பிய ஒரு மாதத்திற்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் மரமரப்பு, மஞ்சள் காமாலை, ஒரு காலில் மட்டும் வீக்கம், ஆறாத பாதப்புண் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். சென்ற இடங்களையும், நீரோடையில் இறங்கியது, பச்சைக் கீரை உண்டது போன்றவற்றையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நோயை விரைவில் கண்டறிய இவ்விவரங்கள் பெரிதும் உதவும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்தாலோசித்தே எடுக்க வேண்டும்.