கோஷா ஆஸ்பத்திரி: திரைக்குப் பின்னால் நிகழ்ந்த மரணங்களின் வரலாறு

சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை’ என்றால் ஒரு கணம் யோசிப்பார். ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். விடுதலைக்குப் பின் பெயர் மாறியும் மக்களின் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கோஷா என்பது பாரசீகச் சொல். மூலை, ஒதுக்கிடம் என்று பொருள். அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் உள்வீட்டில் வாழும் வழக்கத்தை அன்றைய சென்னைப் பட்டணத்தில் இச்சொல்லால் குறித்தனர். அந்த வழக்கத்தின் பெயரையே தாங்கி ஒரு மருத்துவமனை எழ வேண்டிய தேவை ஏன் வந்தது?

மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1866இல் வழக்கறிஞரான தம் கணவருடன் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரை அழைக்க மனமின்றிப் பேறுகாலத்தில் மாண்டுபோன பெண்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். எழும்பூர் மருத்துவமனையின் முன்னோடியான பிரசவ விடுதி 1844 முதலே சென்னையில் இயங்கிவந்தது. ஆயினும் திரைமறைவில் வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள் அதன் வாயிலை மிதிக்கவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி, தலைமை அறுவை மருத்துவர் பால்ஃபோரின் ஆதரவுடன், நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. அந்நால்வரில் ஷார்லீபும் ஒருவர். இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் கற்பதற்குப் பலத்த எதிர்ப்பு நிலவிய காலம் அது. பின்னர் இலண்டனில் பட்டம் பெற்று 1883இல் திரும்பிய அவர், 1885இல் ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை’யை நிறுவினார். முழுக்கப் பெண்களே நடத்தும் மருத்துவமனை என்பதுதான் அதன் சிறப்பு.

அப்பெயரில் ‘கோஷா’வுடன் ‘சாதி’யும் இணைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பெண்ணை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற தயக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதென்று இன்று சிலர் பேசுகின்றனர். அன்றைய ஆவணமே, ஆம், அந்த மருத்துவமனையின் பெயர்ப்பலகையே அதை மறுக்கிறது.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வில் நிகழ்ந்ததும் இதையே உறுதிசெய்கிறது. மருத்துவ ஊழியக் குடும்பத்தில் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்து, நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு, பிராமணர் ஒருவர் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவிக்கு உதவ வருமாறு அழைத்தார். ‘நான் மருத்துவர் அல்லள், என் தந்தைதான் மருத்துவர்’ என்று ஐடா சொன்னபோது, ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்க்க அனுமதிக்க இயலாதென்று அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் முஸ்லிம் ஒருவர் அதே கோரிக்கையுடன் வந்தார். அதே பதிலைக் கேட்டுச் சென்றார். மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்கத் துணிந்தார். 1900இல் அவர் வேலூரில் தொடங்கிய சிறு சிகிச்சைக்கூடமும், 1918இல் பெண்களுக்கென நிறுவிய மருத்துவப் பள்ளியுமே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர்கள்.

அந்த முஸ்லிம் கணவரை நாம் எப்படி நினைவுகூர்வது? நள்ளிரவில் வெளியே வந்து அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியவர் மனைவிமீது அன்பற்றவராக இருக்க முடியாது. ஆனால் மார்க்கம் அவருக்குத் திறந்துவைத்திருந்த ஒரு வாசலை அவர் அறிந்திருக்கவில்லை. அல்லது அறிந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சினார்.

அந்த வாசல் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், கடினப் பிரசவத்தைக் கையாளும் முறையை மருத்துவச்சிகளுக்கு விளக்குகிறார். கருவிகளின் படங்களையும் வரைந்து தருகிறார். பெண்ணுக்கு அறுவை செய்ய நேர்ந்தால் தேர்ந்த பெண் மருத்துவரை நாடும்படியும், கிடைக்காவிடில் அனுபவமிக்க மருத்துவச்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும்படியும் அறிவுறுத்துகிறார். பெண்ணின் நாணத்தையும் அவளது உயிரையும் ஒருசேரக் காக்கும் வழியை அவர் தேடினார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடச் சொல்லவில்லை.

நிர்ப்பந்தம், அதாவது ளரூரத், விலக்கப்பட்டதற்கும் அனுமதியளிக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 1993இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை வரிசைப்படுத்தியே கூறியது. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர். அவர் இல்லையெனில் நம்பத்தகுந்த முஸ்லிமல்லாத பெண் மருத்துவர். அவரும் இல்லையெனில் முஸ்லிம் ஆண் மருத்துவர். அவரும் இல்லையெனில் முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். சிகிச்சைக்குத் தேவையான அளவே பார்க்க வேண்டும். மஹ்ரமோ கணவரோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க வேண்டும். இவ்வரிசையின் எந்தப் படியிலும் ‘சாகட்டும்’ என்ற சொல் இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று கடந்துபோக இயலவில்லை. தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. 2018-20 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் மரணம் 54. இந்திய அளவில் அது 97. ஆனால் அண்டையில் உள்ள மலப்புரத்தில் 2025இல் வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு தாய், இரத்தப்போக்கால் உயிரிழந்தார். சமூக ஊடகங்களில் ‘இயற்கைப் பிரசவம்’ என்ற பெயரில் பரவும் பேச்சு நம் ஊர் இளம் தம்பதியரையும் தொட்டுவிட்டது. அதற்கு மார்க்கத்தின் சாயம் பூசுவோரும் உள்ளனர்.

பேறுகால இரத்தப்போக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. நல்ல உடல்நலமுள்ள பெண்ணுக்கும், எளிதாய் நிகழ்ந்த பிரசவத்துக்குப் பின்னும் அது வரலாம். கடுமையாயின் ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம், குழந்தை பிறந்தவுடன் ஒவ்வொரு தாய்க்கும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தைக் கொடுக்கச் சொல்கிறது. ஆக்ஸிடோசின் 10 யூனிட் என்பது அதன் முதல் பரிந்துரை. இரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் செலுத்த வேண்டும். கண்ணால் பார்த்து இரத்தத்தின் அளவை ஊகிப்பது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. எனவே அளவுக் கோடுகள் இட்ட விரிப்பைத் தாயின் அடியில் விரித்து அளந்து, உடனே எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரத் தொடங்கும் முறை, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான அதன் முடிவின்படி கடும் பாதிப்புகள் 60 விழுக்காடு குறைந்தன. இவற்றுள் ஒன்றையும் வீட்டுத் திண்ணையில் செய்ய முடியாது.

அதே உலக சுகாதார நிறுவனம், தாய் விரும்பும் ஒருவர் பிரசவ அறையில் உடனிருப்பதையும் பரிந்துரைக்கிறது. கணவரோ, உம்மாவோ, சகோதரியோ உடனிருக்கும் தாய்மார்களுக்கு இயல்பான பிரசவம் கூடுவதாகவும், அறுவைச் சிகிச்சை குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. பேரீச்ச மரத்தடியில் தனித்து வேதனையுற்ற மர்யம் (அலை) அவர்களுக்கும் ஆறுதல் கூறும் குரல் ஒன்று வந்ததை நாம் ஓதுகிறோம் அல்லவா?

ஆகவே ஏழாம் மாதத்திலேயே மருத்துவமனைக்குச் சென்று கேட்கலாம்: இரவுப் பணியில் பெண் மருத்துவர் இருப்பாரா? உடன் ஒரு பெண் இருக்கலாமா? இரத்தம் ஏற்றும் வசதி உண்டா, இல்லையேல் எங்கே அனுப்புவீர்கள்? அவசரத்தில் ஆண் மருத்துவர் வர நேர்ந்தால் அதற்குரிய சம்மதத்தைக் கணவனும் மனைவியும் அன்றே பேசி முடித்துக்கொள்ளலாம். வலி கண்ட பிறகு, மாமியாரும் மச்சானும் தொலைபேசியில் ஆலோசிக்கும் நேரத்தில் அதைத் தொடங்க வேண்டியதில்லை.