நாட்டுக் கோப்பியும் பொதிமாட்டு வணிகமும்

இலங்கைக் கோப்பியின் வரலாறு பெரும்பாலும் ஆங்கிலத் துரைமாரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அருகே தோட்டம் அமைத்த 1820களுக்கு முன்னரே, கண்டி நாட்டுக் குடியானவரின் வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு ஆகியவற்றின் நிழலிற் கோப்பி வளர்ந்திருந்தது என்பது மறக்கற்பாலதன்று.

அவ்விளைவு சந்தையை அடைந்த வழி யாது? 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். கல்முனை, சம்மாந்துறை முதலிய ஊர்களையுடைய அக்கரையின் தென்பகுதி 1961 முதல் அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்தது. உப்பும் கருவாடும் சுமந்த பொதிமாடுகள் கிழக்குக் கரையிலிருந்து ஊவா மலைக்கு ஏறின. மலைநாட்டு விளைபொருள்களுடன் மீண்டன. 1815இற் கண்டி வீழ்ந்தபின் கோப்பிக்கு விலை ஏறியபோது, இத்தகைய வணிகமே நாட்டுக் கோப்பிக்கும் துணையாயிற்று. முஸ்லிம் வணிகர் சிற்றூர்தோறும் சென்று, துணியும் உப்பும் கொடுத்துக் கொட்டையைப் பெற்றுத் துறைமுகங்களுக்கு அனுப்பினர். தொடக்க காலத்தில் ஏற்றுமதியின் பெரும்பகுதி இந்நாட்டுக் கோப்பியே.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளைத் தோட்டக்காரர் கைக்கு மாற்ற வழிகோலியது. மலைச்சரிவுகள் இடைவெளியின்றிக் கோப்பியால் நிறைந்தன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அதனை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட், காற்றில் மிதக்கும் நோய்வித்துகள் தொடர்ச்சியான ஒரே பயிரில் எளிதிற் பரவியமையை எடுத்துக்காட்டினார். அந்நோய் குடியானவரின் செடிகளையும் விட்டுவைக்கவில்லை.

முதலுடைய தோட்டக்காரருட் பலர் தேயிலைக்கு மாறினர். குடியானவருக்கோ கோப்பியே கைப்பணம் தந்த பயிர். அது பட்டுப்போகவே நெல்வரி செலுத்த வழியற்று, 1880களில் வலப்பனைப் பகுதியிற் பலர் வயல்களை இழந்தனர். அவ்வரி 1892இலேயே ஒழிக்கப்பட்டது.

இன்று மலைநாட்டுச் சிறுவிவசாயிகள் சிலர், செயற்கை உரமின்றிக் கலப்புத் தோட்டங்களிற் கோப்பி விளைத்து, அதற்கெனத் தனிச் சான்றும் பெறுகின்றனர். முறை புதியதன்று, முன்னோர் கண்டதே. ஆயினும் நிழல்மரம் மட்டும் குடியானவனைக் காவாது. நியாய விலையும், விளைவு பொய்த்த ஆண்டிலே தாங்கும் கூட்டுறவும் அவனுக்கு வேண்டும் என்பதே வலப்பனை வயல்கள் உணர்த்தும் பாடம்.