பலூன் சுடுற துப்பாக்கியும் ஒரு கண்ணாடியும்

பலூன் சுட்டிருக்கீங்களா? மெரினாவிலோ மாமல்லபுரம் கடற்கரையிலோ, இல்லை உங்க ஊர்த் திருவிழாவிலோ ஒரு தடவையாவது சுட்டிருப்பீங்க. ஒரு பலகை, அதில் வரிசை வரிசையா பலூன், பத்தடி தள்ளி ஒரு மேசை, அதுமேல் ரெண்டு பழைய ஏர்கன். கடைக்காரர் குழலை மடக்கி, ஒரு ஈய ரவையைச் சொருகி, 'டப்'புன்னு நிமிர்த்தி நம்ம கையில் கொடுப்பார். பத்துக்கு ஆறு உடைச்சாச்சுன்னா அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் நாமதான் ஹீரோ. (குழலை வேணும்னே கொஞ்சம் வளைச்சு வெச்சிருக்காங்கன்னு ஒரு பேச்சு உண்டு. குறி தப்பினவங்கதான் அதைச் சொல்லுவாங்க :-))

இதைச் சுடுறதில் பாதிக்கு மேல் சின்னப் பசங்க. எட்டு வயசு, பத்து வயசு. கட்டையைத் தோளில் வைக்க முடியாம அக்குளில் இடுக்கிக்கிட்டு சுடுவாங்க. கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்புற கடையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. கொடுக்கணுமா, அதுவும் கட்டாயமாக்கணுமா என்பதுதான் கேள்வி. ஆக்கணும் என்பது என் கட்சி. ஆனால் இந்தக் கேள்வி ஏன் நம்ம ஊரில் எழவே இல்லை என்பது அதைவிட சுவாரசியமான விஷயம். அதுக்குக் கொஞ்சம் சரித்திரம் பேசணும், பொறுத்துக்குங்க.

நான் இருக்கிறது நெம்மேலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணையைத் தாண்டினா வர்ற ஊர், கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை இருக்கே, அதேதான். எங்க செங்கல்பட்டு மாவட்டத்தில், பொழுதுபோக்குக்குச் சுடுறதுக்கு எதிரா சாதாரண ஜனங்க போராடி வாங்கின தடை ஒண்ணு இருக்கு. அதுவும் இருநூறு வருஷத்துக்கு முந்தி. வேடந்தாங்கல்னு பேரே வேடர்கள் தங்கின இடம் என்கிறதால் வந்ததுன்னு சொல்வாங்க. கம்பெனி காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சும்மா விளையாட்டுக்குச் சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்களுக்கு அது வயித்தில் அடிக்கிற சமாசாரம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சாத்தான் நெல் நல்லா விளையும். கலெக்டரிடம் முறையிட்டாங்க. லயனல் பிளேஸ் என்கிற கலெக்டர் 1798 வாக்கில் பறவைகளைக் காக்க அவங்களுக்கு உரிமை கொடுத்து ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார். 1936ல்தான் முறையாகச் சரணாலயம்னு அங்கீகாரம் வந்தது. ஆனா கதை ஆரம்பிச்சது அந்தக் காகிதத்தில்தான்.

இதை நான் பெருமைக்குச் சொல்லலை. கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தக் கௌல், சுடுறவன் யாருன்னு பார்க்கலை, சுடப்படுறதுக்கு என்ன ஆகுதுன்னு பார்த்தது. அதுக்கப்புறம் துப்பாக்கி பத்தி இந்த நாட்டில் வந்த பெரிய சட்டங்கள் எல்லாம் இதைத் தலைகீழாக்கிடுச்சு.

1857 கலகம் முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு, 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வெச்சுக்கணும்னா லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. சட்டத்தோட அடிவயித்தில் இருந்தது பயம்: மறுபடி கிளம்பிடுவானோ! நம்மாளுங்களுக்கு இது பெரிய அவமானமா உறுத்தியிருக்கு. 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம்விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் மூணாவது காங்கிரஸ் கூடினப்போ, இளைஞர் பிபின் சந்திர பால் இந்தச் சட்டத்தை எடுக்கணும்னு முழங்கினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வாதம் முழுக்க எதைச் சுத்தி வந்தது பாருங்க: யாருக்குத் துப்பாக்கி, யாருக்கு இல்லை.

சுதந்திரத்துக்கப்புறம் வந்த 1959 ஆயுதச் சட்டமும் (நடைமுறைக்கு வந்தது 1962ல்) அதே எலும்புக்கூடுதான், தோல் மட்டும் புதுசு. வயசு வரம்பு முதலில் 16, 1983 திருத்தத்துக்கு அப்புறம் 21. பயிற்சிக்காகச் சிறுவர்கள் சுடுறதுக்கு ஒரு விதிவிலக்கும் வெச்சிருக்காங்க, பெரியவங்க மேற்பார்வையில். சரி, மேற்பார்வை நல்லதுதான். அது எதுக்குன்னு யோசிச்சா, துப்பாக்கி வேற கைக்குப் போயிடக் கூடாதுங்கிற கவலைதான் எனக்குத் தெரியுது. பையனோட கண்ணும் காதும் அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கு?

ஏர்கன் கதை இன்னும் வேடிக்கை. சென்னையில் காங்கிரஸ் கூடினதுக்கு அடுத்த வருஷம், 1888ல், அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் பிளிமத் என்கிற ஊரில் ஒரு காற்றாலைக் கம்பெனி, காற்றாலை வாங்குற விவசாயிக்கு இலவச இணைப்பா உலோகத்தில் செஞ்ச ஒரு காற்றுத் துப்பாக்கி கொடுக்க ஆரம்பிச்சது. கொஞ்ச நாளில் ஜனங்களுக்குக் காற்றாலை வேண்டாம், துப்பாக்கி போதும்னு ஆயிடுச்சு! 1895ல் கம்பெனி பேரையே டெய்சின்னு மாத்திக்கிட்டாங்க. சின்னப் பசங்களுக்குன்னே துப்பாக்கி செஞ்சு விக்கிறது பெரிய வியாபாரமா வளர்ந்தது இப்படித்தான். நம்ம ஊர் பலூன் கடைத் துப்பாக்கி அதோட தூரத்துச் சொந்தம்.

அரசாங்கத்தைக் கவிழ்க்க ஏர்கன் உதவாது. அதனால் நம்ம சட்டத்துக்கு அது மேல் பயமில்லை, பயமில்லாததால் அக்கறையும் இல்லை. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள்ளே, 20 ஜூல் சக்திக்குள்ளே இருந்தா லைசென்ஸே தேவையில்லை. 20 ஜூல்னா கேக்கச் சின்னதாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை கிராம் ரவை விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனா ஆறு ஜூல்கூட வராது. பலகையில் பதியும், பலூன் உடையும், அவ்வளவுதான். ஆனா கண்ணுக்கு அதில் ஒரு பங்கு போதும். ராஜ்யத்துக்கு ஆபத்தில்லாத துப்பாக்கி, விழிக்கு ஆபத்தானது. இந்த இடைவெளியில்தான் பலூன் கடை மேசை போட்டு உக்காந்திருக்கு.

நடந்த ஒண்ணைச் சொல்றேன். சில வருஷம் முந்தி, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். இருளர் ஜனங்க பௌர்ணமிக்குக் கடற்கரையில் கூடி, மணலிலேயே தங்கி, கன்னியம்மாவைக் கும்பிட்டு, கல்யாணமெல்லாம் பேசி முடிப்பாங்க. பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும். பக்கத்தில் கடைங்க முளைக்கும். என் அக்கா பையன் பலூன் கடையில் நின்னான். சுட்டது அவன் இல்லை, வேற ஒரு பையன். இவன் பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்த்தான். ரவை பலகையைத் தப்பி, அதைத் தாங்குற இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறிச்சு, இவன் புருவத்துக்கு மேலே வந்து விழுந்தது. ரத்தம். கடைக்காரர் பாவம், நடுங்கிட்டார். யாரோ காப்பிப்பொடியைக் கொண்டுவந்து அப்பினாங்க. அக்கா அவனைத் தூக்கிக்கிட்டு, "கண்ணுக்கு வந்தது புருவத்தோட போச்சு"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா. அரை அங்குலம். அவ்வளவுதான் வித்தியாசம். தழும்பு இன்னும் இருக்கு.

அன்னைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு ரெண்டு விஷயம் மண்டையில் குடையுது. ஒண்ணு, கண்ணாடி சுடுறவனுக்கு மட்டும் போதாது, பக்கத்தில் நிக்கிற பசங்களுக்கும் வேணும். ரெண்டு, அந்தக் கடைக்காரர் ரவையை எல்லாம் வாயில் போட்டு வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துச் சொருகினார், தையக்காரர் குண்டூசியை வெச்சுக்கிற மாதிரி. ஈயங்க அது! பசங்களும் ரவையைத் தொட்ட கையோடதான் பஜ்ஜி சாப்பிடுறாங்க. வளர்ற பிள்ளைங்க மூளைக்கு ஈயம் எவ்வளவு கெடுதல்னு தெரிஞ்சுதான் பெட்ரோலிலிருந்தே அதை எடுத்தாங்க. இதுக்குக் கவசம் வேண்டாம், ஒரு குடம் தண்ணியும் சோப்பும் போதும்.

முறையான கிளப்பில் எல்லாம் சரியா இருக்கும்னு நினைப்போம். ஏதென்ஸில் 2004ல் ரத்தோர் வெள்ளி, பெய்ஜிங்கில் 2008ல் பிந்த்ரா தங்கம், லண்டனில் 2012ல் நம்ம சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பை மேடை வரைக்கும். இதையெல்லாம் பார்த்து நிறையப் பெத்தவங்க பிள்ளைகளை ரைபிள் கிளப்பில் சேர்க்கிறாங்க. அஜித் 2021 மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினதும் பேச்சு இன்னும் கூடிடுச்சு. முதல் நாளே ஜாக்கெட், பேன்ட், ஷூன்னு பெரிய செலவு. பார்த்தா கவசம் மாதிரி இருக்கும். ஆனா அந்த விறைப்பான ஜாக்கெட் உடம்பு ஆடாம இருக்கத்தான், உயிர் காக்க இல்லை. தலைப்பட்டியில் ஒரு கண்ணை மறைச்சுத் தொங்குற அட்டையும் குறி பார்க்கத்தான். பாதுகாப்புக்குன்னு இருக்கிற கண்ணாடியையும் காதடைப்பையும் பத்தி சர்வதேசச் சம்மேளனத்தோட விதிப்புத்தகப் பதிப்புகள் பலதில் என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? 'அணியும்படி வலியுறுத்துகிறோம்'. கட்டாயம்னு இல்லை. ஜாக்கெட்டோட தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறவங்க, கண்ணுக்கு மட்டும் வலியுறுத்தலோட நிறுத்திக்கிறாங்க.

பெரியவங்களுக்கு அது சரி, அவங்க கண், அவங்க இஷ்டம். பன்னிரண்டு வயசுப் பிள்ளைகிட்ட 'வலியுறுத்துறது' என்ன கணக்கு? துப்பாக்கி விஷயத்தில் எதுக்கும் அடங்காத நாடுன்னு நாம கிண்டல் பண்ற அமெரிக்காவில், சாரணர் இயக்கத்தில் பி.பி. துப்பாக்கி சுடணும்னாகூட கண்ணுக்குக் கவசம் இல்லாம விடமாட்டாங்க. ரைபிள்னா காதுக்கும் சேர்த்து.

காது பத்தியும் ஒரு வார்த்தை. ஏர்கன் சத்தம் பெரிய பிரச்சினை இல்லை. அடுத்த படியா .22 ரைபிளுக்குப் போறாங்களே, அங்கேதான் விஷயம். அதோட வெடிச்சத்தம் 140 டெசிபலை ஒட்டி வரும், 12 போர் துப்பாக்கின்னா 150க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 1999ல் வெளியிட்ட வழிகாட்டியில் திடீர் சத்தத்துக்கு உச்ச வரம்பா பெரியவங்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120ன்னு போட்டிருக்கு. டெசிபல் கணக்கில் இருபது என்கிறது கொஞ்ச நஞ்ச வித்தியாசம் இல்லை, சத்தத்தோட அழுத்தம் பத்து மடங்கு. காதில் பஞ்சு வெச்சா போதும்னு நினைக்கிறவங்களுக்கு: போதாது.

இனி எதிர்க்கட்சி. கட்டாயம்னு சட்டம் போட்டா என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி வராது, மாமூல்தான் வரும். பலூன் கடைக்காரர் ஒரு நாளைக்குப் பார்க்கிறதே கொஞ்சம், அதில் இன்னொரு கை நீளும். இந்த வாதத்தை என்னால் ஒதுக்க முடியலை. இன்னொண்ணு, கண்ணாடி எல்லாத்துக்கும் மருந்தும் இல்லை. 2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை நார்த்தாமலை பக்கம், மத்திய தொழிற் பாதுகாப்புப் படை பயிற்சி எடுத்த சுடுதளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் பாய்ஞ்சது. ஜனவரி 3ஆம் தேதி இறந்துட்டான். அவனுக்கு என்ன கவசம் மாட்டியிருக்க முடியும்? அது சுடுதளம் எங்கே இருக்கணும், பின்னாடி எவ்வளவு உயரத்துக்கு மேடு இருக்கணும் என்கிற கேள்வி, தனியாப் பேசவேண்டியது.

இருந்தாலும் 'கட்டாயமே வேஸ்ட்' என்பதை நான் ஏத்துக்கமாட்டேன். ஹெல்மெட்டையும் இப்படித்தான் சொன்னோம். 2015 ஜூலை 1லிருந்து கட்டாயம்னு உயர் நீதிமன்றம் சொன்னப்போ பாதிப்பேர் பெட்ரோல் டாங்க் மேல்தான் மாட்டிக்கிட்டுப் போனாங்க. ஆனா இன்னைக்கு எங்க சாலையில் ஹெல்மெட் இல்லாம போறவங்களைப் பார்த்தா, 'ஏம்பா?'ன்னு கேக்கத் தோணுது. அந்த அளவுக்காவது மாறியிருக்கு. 2019 திருத்தத்தில் நாலு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட்டுன்னு சட்டமே எழுதியாச்சு. பிள்ளையோட தலைக்குச் சட்டம் இருக்கும்போது கண்ணுக்கு ஏன் இருக்கக் கூடாது? 1819லேயே கண்ணுக்குன்னு தனியா ஆஸ்பத்திரி தொடங்கின பட்டணம்ங்க நம்மது.

மாமூல் பிரச்சினைக்கு என் யோசனை இது. போலீஸ் கையில் கொடுக்காதீங்க. திருவிழாவுக்குக் கடை போட ஏலம் விடுறாங்க இல்லையா, ஊராட்சியோ கோயிலோ, அந்த நிபந்தனைச் சீட்டில் ரெண்டு வரி சேர்த்தா போதும். பலூன் கடைன்னா நாலு ஜோடி பாலிகார்பனேட் கண்ணாடி, பின்னாடி தொங்க கனமான சாக்குப் படுதா. இரும்புச் சட்டம் தெரியக் கூடாது. கண்ணாடி மாட்டாத பிள்ளைக்குத் துப்பாக்கி கிடையாது. வெல்டிங் கடைக்கு எதிரில் விக்கிற, பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடியே போதும், ஆனா வாங்கும்போது பாலிகார்பனேட்தானான்னு கேட்டு வாங்கணும். (பக்கத்துக் கடையில் விக்கிற கூலிங்கிளாஸ் உதவாது, அது உடைஞ்சு கண்ணிலேயே குத்தும்.) பின்னால் ஒரு எலாஸ்டிக் கட்டிட்டா சின்ன முகத்திலும் நிக்கும். கடற்கரை உப்பு சீக்கிரம் கீறிடும், நல்ல தண்ணியில் கழுவணும். கிளப்புகளுக்கு இன்னும் சுலபம், உறுப்பினர் படிவத்தில் 18 வயசுக்குக் கீழேன்னா கண்ணும் காதும் மூடாம சுடுதளத்துக்குள்ளேயே வரக் கூடாதுன்னு ஒரு வரி.

எங்க ஊராட்சி அலுவலகத்துக்கு இதை ஒரு மனுவா எழுதி வெச்சிருக்கேன். முதல் கையெழுத்து அக்காவோடது. பலூன் கடைக்காரர் ஒருத்தர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். "நாலு கண்ணாடி எதுக்கு சார், ஆறாப் போடுங்க, ரெண்டு காணாமப் போயிடும்"னார். திருத்திட்டேன்.