வல்லினம்

1970 அக்டோபரில் சென்னையிலிருந்து 'கசடதபற' வந்தது. பெயரே ஆறு வல்லினம். பெரும் பத்திரிகைகள் மீதும் பண்டிதத் தமிழ் மீதும் அதற்கிருந்த கோபம், கிழிசல் சட்டையோடு லண்டன் பையன்கள் 1976இல் பங்க் இசையில் கத்தியதைவிட ஆறு வருஷம் மூத்தது. விளாத்திகுளத்தில் மழைக்குக் காத்துக்கிடந்த கரிசல்காட்டுப் பிள்ளையான எனக்கு அந்தக் கோபமே அன்று முகவரி.

பின்னால் சா. கந்தசாமிக்கு 1998இல் சாகித்திய அகாதெமி பரிசு, ந. முத்துசாமிக்கு 2012இல் பத்மஸ்ரீ. விலைபோனார்கள் என்பது சோம்பேறித் தீர்ப்பு. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கி முத்துசாமி தெருக்கூத்தோடு மல்லுக்கட்டியது, எந்தத் தலையங்கத்தையும்விடக் கடினமான காரியம்.

நடந்தது வேறு. சொல்லின் முதலில் வன்மையாக ஒலிக்கும் ககரம், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனித்து நின்றால் குழைகிறது: கல், அகல். இரட்டித்தால்தான் இறுக்கம்: பக்கம். குழு கலைந்தது, ஆளுக்கொரு உத்தியோகம், குடும்பம். அதில் எழுதத் தொடங்கிய தேவதச்சனுக்குக் கோவில்பட்டி நகைக்கடையில் வந்து கூடியவர்களின் பேச்சு துணையிருந்தது. விளாத்திகுளத்தில் எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

பழைய இதழ்களை இப்போது பிரித்தால் கவிதைகள் நிற்கின்றன. ஞானக்கூத்தனின் கிண்டல் இன்னும் சுடுகிறது. கோபம் மட்டும் அயலூர்ப் பையன் ஒருவனுடையதாகப் படுகிறது. என் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்தால் அவன் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.