பாட்டிலில் தூங்கிய மருந்து

சட்டைக்கு ஒரு பட்டன் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி? பார்க்கின்சன் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். சில நாள், ஒரே ஒரு பட்டனோடு ஐந்து நிமிடம் போராட வேண்டியிருக்கும். 'நட' என்று மூளை சொல்லும். கால், தரையில் ஒட்டிக்கொண்டு மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த வியாதியைப் பற்றி எழுதியது 1817-ல். உருப்படியான மருந்து கிடைக்க அதன்பிறகு 150 வருடம் பிடித்தது. கொடுமை என்னவென்றால், அதில் கடைசி ஐம்பது வருடம் மருந்து கையிலேயே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை!

1913. ஸ்விட்சர்லாந்தில் ரோஷ் கம்பெனி விஞ்ஞானி மார்கஸ் குகன்ஹைம், ஒருவகை அவரையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் தானே சாப்பிட்டும் பார்த்தார். வாந்திதான் மிச்சம். விஷயம் அப்படியே அமுங்கிப்போனது.

1957. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் ஊர் சர்ப்பகந்தி வேரில் இருக்கிற சரக்குதான். முயல்கள் அசையாமல் சுருண்டு உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடின!

1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார். அசைவைக் கவனிக்கும் பகுதியில் டோபமைன் வறண்டு கிடந்தது. அதையே கொடுத்தால் என்ன? முடியாது. மூளை வாசலில் ஒரு வாட்ச்மேன் உண்டு. டோபமைனை உள்ளே விடமாட்டார். லெவோடோபாவை விடுவார். உள்ளே போனதும் அது டோபமைனாகிவிடும். 1961-ல் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சில மணி நேரம்தான்.

அதை நீடிக்க வைத்தவர் நியூயார்க்கின் ஜார்ஜ் கோட்சியாஸ். அவர் செய்தது எளிமையான காரியம். மருந்தை வாய்வழியாக, சிறிய அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டினார். 1967-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, 16 பேரில் 8 பேருக்கு நல்ல முன்னேற்றம். வாந்திக்கும் பின்னால் வழி பிறந்தது. கார்பிடோபா என்று ஒரு துணை மருந்து. லெவோடோபா வழியிலேயே டோபமைனாக மாறி வீணாவதை அது குறைத்தது. இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு 1975-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான்.

ஆனால் ஒன்று. இது வியாதியைக் குணப்படுத்தாது. வருடங்கள் போகப்போக ஒரு மாத்திரையின் ஆயுள் குறையும். சிலருக்கு உடம்பு தன்னிஷ்டத்துக்கு நெளியவும் ஆரம்பிக்கும். அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது, ஆபத்து. அளவையும் நேரத்தையும் டாக்டர்தான் மாற்றவேண்டும்.

எனவே, வீட்டில் ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "மாத்திரை எங்கப்பா?" என்று நச்சரித்தால் தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த சில மணி நேரம் தன் சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கொள்ளலாமே என்பது அவர் கணக்கு.