ஃபிலியல்

பெயரடை. பெற்றோரிடம் பிள்ளைக்கு உள்ள கடமை, பற்று சார்ந்த.

லத்தீனில் ‘ஃபிலியஸ்’ என்றால் மகன், ‘ஃபிலியா’ மகள். நிறுவனங்களின் இணைப்பைக் குறிக்கும் ‘அஃபிலியேஷன்’ இதன் உறவுச்சொல். அதன் வேர்ப்பொருள் பிள்ளையாகத் தத்தெடுத்தல்.

சீனரின் ‘சியாவ்’ என்னும் அறத்தை ஆங்கிலம் ‘ஃபிலியல் பயட்டி’ என்று பெயர்க்கிறது. சியாவ் என்ற எழுத்தின் மேற்பாதி முதியவரைக் குறிக்கும், கீழ்ப்பாதி பிள்ளையை.

இச்சொல்லின் கனத்தை அகராதியைவிடக் கதையே நன்றாக உணர்த்தும். ஏமி டானின் ‘தி ஜாய் லக் கிளப்’ (1989) நாவல், சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய சீனத் தாய்மாரையும் அமெரிக்காவில் வளர்ந்த அவர்களுடைய மகள்களையும் பற்றியது. அதில் ஒரு தாய் தன் சிறுவயதில் சீனாவில் கண்டதை நினைவுகூர்கிறாள்: தன்னை ஒதுக்கிவைத்த தாய் சாகக் கிடக்கும்போது, ஒரு மகள் தன் கைச்சதையை அரிந்து மருந்துச் சூப்பில் இடுகிறாள். அன்பு, கடமை, வலி மூன்றும் அங்கே ஒரே செயலில் கூடுகின்றன. அந்தப் பக்கத்தைப் படித்தவர் இச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வழக்கு: ‘ஃபிலியல் டியூட்டி’ – பிள்ளைக் கடமை, ‘ஃபிலியல் லவ்’ – பெற்றோர் மீது பிள்ளை கொள்ளும் அன்பு.